குளிர் பழகப் போன விடுமுறை

நான் வேலை செய்யும் வெள்ளவத்தைப் புடவைக் கடையில் இருக்கும் பிள்ளைகள் போன பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு எல்ல என்ற மலையூர்ப் பக்கம் போய்விட்டு வந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் போன் கைமாறிக்கொண்டே இருந்தது. தேயிலைக்கு நடுவில் ஊஞ்சல், வளைந்த ரயில் பாலம், பாறை நுனியில் கையை விரித்துக்கொண்டு நிற்கும் படம். ஒருத்தி என்னிடமும் நீட்டினாள்.

"அன்டி, நீங்க மலைநாட்டுப் பக்கம் போயிருக்கிறீங்களா?"

"ஓம், சின்ன வயசில ஒருக்கா."

"வியூ எல்லாம் பாத்தீங்களா?"

"பாத்தன்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். கேட்கிற நேரத்தில் வாய் வராது. மூன்று நாள் கழித்து பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது எல்லாம் வரிசையாக வரும். அப்படி வந்ததை எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் வாசித்தால் போதும். ஒரு வீட்டில் வெளிநாட்டுச் சம்பந்தம் வந்தால் அந்த வீடு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களுடையது ஒரு மாடிவீட்டின் மேல் பாதி. விறாந்தையில் நின்றால் தகரக் கூரைகளும் ஓட்டுக் கூரைகளும் தெரியும், அவற்றுக்கு மேல் ஒரு கோபுரத்தின் தலை, அதற்கும் அப்பால் துறைமுகத்துக் கிரேன்கள். நான் அதுவரை பார்த்ததில் மிகத் தூரமான பொருள் அந்தக் கிரேன்கள்தான். அக்கா விறாந்தையின் ஓரத்துக்கே வரமாட்டாள். உடுப்புக் காயப்போடும்போதுகூட சுவரோடு ஒட்டி நின்று கையை மட்டும் கொடிக்கு நீட்டுவாள். கீழே பார்த்தால் கால் கூசும் என்பாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது, எனக்குப் பத்து. இருவருக்கும் ஒரே கட்டில், ஒரே தலையணை.

அந்த வருடம் கனடாவில் இருந்து அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. தெரிந்த குடும்பம், நல்ல இடம் என்றார்கள். கடிதத்தோடு மாப்பிள்ளையின் படமும் வந்தது. ஒரு காருக்குப் பக்கத்தில், முழங்கால் வரை பனிக்குள் புதைந்து நின்று அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. "ஐயோ, முழங்கால் மட்டும் ஐஸ்!" என்று படத்தை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். எதையும் ஒழுங்குமுறையாகச் செய்கிறவர். அக்காவைக் கூப்பிட்டு இருத்தி, "உன்ர விருப்பம்தான் முக்கியம். என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார். கேட்டது நேர்மையான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பார்த்து 'விருப்பமில்லை' என்று சொல்லிப் பழகியவர்கள் இல்லை. அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அங்க சரியான குளிராம்" என்றாள்.

மிச்சத்தை என்னிடம்தான் சொன்னாள். "எனக்குப் போக ஏலாதடி. இந்தத் தெருவைத் தாண்டினா எனக்கு ஒண்டும் தெரியாது. நான் என்னண்டு போறது?" நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் போய்விட்டால் அந்தக் கட்டிலில் நான் மட்டும் என்பதைத்தான் நான் நினைத்தேன்.

அப்பாவின் காதில் விழுந்ததோ குளிர் மட்டும். குளிர்தான் தடை என்றால் குளிரைப் பழக்கிவிட்டால் சரி என்று முடிவு செய்தார்.

முதலில் முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் கொடுக்கும் ஓர் இடத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். ஐஸ் கட்டி அடுக்கும் அறைக்குள் அக்காவைப் பத்து நிமிடம் நிற்கவைத்துவிட்டு, அப்பா வெளியே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். வீட்டுக்கு வந்தபோது அக்காவில் பாரை மீன் வாடை. அம்மா படியிலேயே மறித்தார்.

"கலியாணம் பேசுற பிள்ளையை மீனோட மீனா அடுக்கி வைச்சிட்டு வாறீங்களோ?"

"பத்து நிமிஷம் நிண்டவள். நடுங்கவே இல்லை" என்றார் அப்பா பெருமையாக.

"நடுங்கினனான்" என்றாள் அக்கா மெதுவாக. அது எனக்கு மட்டும் கேட்டது.

அதன் பிறகுதான் பெரியப்பாவின் நினைப்பு வந்தது. அப்பாவின் அண்ணன், ஹப்புத்தளைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய ரயில் ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு கிழமை அங்கே தங்கி அக்காவுக்குக் குளிர் பழக்குவது, கொழும்புக்குத் திரும்பியதும் கனடாவுக்கு முடிவு எழுதுவது என்று ஏற்பாடாயிற்று. அப்பா ஓர் அப்பியாசக் கொப்பியில் அட்டவணை போட்டார். முதல் இரண்டு நாள் ஸ்வெட்டரோடு நடை. மூன்றாம் நாள் ஸ்வெட்டர் இல்லாமல் கால் மணித்தியாலம். ஐந்தாம் நாள் பச்சைத் தண்ணீரில் முழுக்கு. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சரி போட ஒரு சிறிய கட்டம்.

ஸ்டேஷன் மலையின் ஒரு மடிப்புக்குள் இருந்தது. ஒரு மேடை, ஓர் அலுவலக அறை, பின்னால் பெரியப்பாவின் குவாட்டர்ஸ். அவ்வளவுதான். சுற்றிவரத் தேயிலை, தேயிலைக்கு மேல் யூக்கலிப்டஸ் மரங்கள். கொழும்பில் மழை மேலே இருந்து வரும். அங்கே முகில் தண்டவாளத்தின் வழியே நடந்து வந்து, மேடையில் ஏறி, அறைக்குள் புகுந்து, பெரியப்பாவின் மேசையைச் சுற்றிவிட்டு யன்னலால் போகும். முதல் நாள் அதைப் பார்த்தபோது நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பெரியம்மா என் தாடையைத் தட்டி மூடிவிட்டார். "வாயைத் திறக்கத் தெரியாத பிள்ளையெண்டு சொன்னீங்கள். நல்லாத்தானே திறக்குது" என்றார்.

நான் கதைப்பது குறைவு என்பதால் எனக்கு அறிவும் குறைவு என்று பெரியம்மா முடிவு செய்திருந்தார். 'வாயில்லாதது' என்பதுதான் அவர் எனக்கு வைத்த பெயர். அதில் ஒரு வசதி இருந்தது. எல்லாரும் என் முன்னாலேயே எல்லாவற்றையும் கதைத்தார்கள்.

காலை ரயிலுக்கு வழிவிட்டு, அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியாகக் கொடுக்கும் பெரிய வளையத்தை இயந்திர ஓட்டுநரிடம் நீட்டிக் கொடுத்த பிறகுதான் பெரியப்பாவுக்கு ஓய்வு. ஆகவே எங்கள் நடைகள் எல்லாம் ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்கும். முதல் நடை தண்டவாளத்தின் வழியே சுரங்கம் வரைக்கும். சிலிப்பர் கட்டைக்குக் கட்டை கால் வைத்து நடந்தோம். சுரங்கத்துக்குள் சுவரில் இருந்து நீர் சொட்டியது. மறுமுனை ஒரு சட்டைப் பொத்தான் அளவு வெளிச்சமாகத் தெரிந்தது. அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நடக்க நடக்க அது தட்டாகி, கதவாகி, கடைசியில் முழு மலையாகத் திறந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்பா அக்காவைத்தான் பார்த்தார். "மூக்குச் சிவந்திருக்கோ? காது மரத்துப்போச்சோ?" என்று கேட்டு, கொப்பியில் சரி போட்டார்.

இன்னொரு நாள் தேயிலைத் தோட்டத்துப் பாதையால் மேலே ஏறினோம். ஒரு வளைவில் திரும்பியபோது மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை என்று நீலம் வெளிறிக்கொண்டே போனது. கடைசி மலை எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாவதில் குழம்பிவிட்டது. அங்கேயும் அக்காவை ஸ்வெட்டர் இல்லாமல் கால் மணித்தியாலம் நிற்கவைத்தார்கள். அவள் மலைகளின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, பாதையின் உள்பக்கத்து மண்சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"பாவம், குளிருது பிள்ளைக்கு" என்றார் அம்மா.

"பழகீடும்" என்றார் அப்பா.

இப்போது அப்பாவின் அன்றைய வயதையும் தாண்டப் போகும் நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தெரியாத ஊர், தெரியாத மனிதர், தெரியாத பாஷை. இவற்றில் எதற்கும் அந்த மனிதரால் ஒன்றும் செய்ய முடியாது. குளிருக்கு மட்டும்தான் ஏதாவது செய்யலாம் என்று இருந்தது. அதைத்தான் கட்டம் போட்டுச் செய்தார்.

இரண்டாம் கிழமை ஒரு வான் பிடித்து எல்லாரும் 'உலக முடிவு' என்று பெயர் வைத்திருக்கும் மலை விளிம்பைப் பார்க்கப் போனோம். பெரியம்மா விடியவே எழும்பிப் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டார். ரயிலை அனுப்பி, பெரியப்பா உடுப்பு மாற்றி, வான்காரர் தேத்தண்ணி குடித்து, நாங்கள் புல்வெளியில் நடந்து அந்த விளிம்புக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. அங்கே ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வேட்டியை விரித்துப் பிடித்தது போல, காலடியில் இருந்து வானம் வரை வெள்ளை.

"இதுதானோ?" என்றார் அம்மா.

"இதுக்குக் கீழ பயங்கரப் பள்ளம். கடல் வரைக்கும் தெரியும்" என்றார் பெரியப்பா.

"எங்க?"

"இந்தா, உதுக்குப் பின்னால."

"அண்ணை, பின்னால எண்டா எங்கட கொட்டாஞ்சேனையும்தான் இருக்கு" என்றார் அப்பா. அக்காவைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் வரிசையாக இருந்து புட்டுச் சாப்பிட்டோம். உலகத்தின் முடிவில் இருந்து எங்கள் குடும்பம் கண்டது பெரியம்மாவின் சம்பலில் உறைப்புக் கூடிவிட்டது என்பதை மட்டும்தான்.

எல்லாரும் கை கழுவப் போன நேரத்தில் நான் ஒரு கல்லை எடுத்து அந்த வெள்ளைக்குள் எறிந்தேன். சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னொன்று எறிந்தேன். அதுவும் வரவில்லை. என் கழுத்துக்குப் பின்னால் மயிர் எழும்பியது. அங்கே ஏதோ இருக்கிறது, அது எறிகிற கல்லைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிற அளவு பெரியது என்று அப்போதுதான் விளங்கியது.

அதோடு ஒரு யோசனையும் வந்தது. விறாந்தையில் நின்று கீழே பார்க்கவே கால் கூசும் அக்கா இந்தப் பள்ளத்தைக் கண்ணால் கண்டால் என்ன செய்வாள்? கத்துவாள். மயங்கி விழுவாள். பிளேன் என்றாலே நடுங்குவாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து 'மாட்டன்' என்று சத்தமாகச் சொல்லியே விடுவாள். அவளைப் பயப்படுத்திவிட வேண்டும். அதற்கு முகில் இல்லாத பள்ளம் ஒன்று வேண்டும். விடுமுறையில் மூன்று நாள்தான் மிச்சம்.

யாரைக் கேட்பது? தினமும் விடியற்காலையில் ஒருவர் நீண்ட பிடி போட்ட சுத்தியலோடு தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போவார். பக்கத்துத் தோட்டத்து ஆள். வயதானவர், தலையில் சாக்கை முக்காடாகப் போட்டிருப்பார். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் நானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, பள்ளம் எங்க நிண்டா தெரியும்?"

அவர் சுத்தியலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கொழும்பு பாப்பாவா? ஒங்க வீட்டு ஆளுங்க பத்து மணிக்குப் போனா எங்க தெரியும்? ஏழு மணிக்கு முன்ன போவணும். ஏழரைக்கு மேல போனா ஒங்க காலே ஒங்களுக்குத் தெரியாது."

"எங்க போறது?"

"சொரங்கத்துக்கு மேல ஒரு மொட்டப் பாறை இருக்கு. அதுக்கு மேல ஏறுனா எல்லாம் தெரியும். தனியா போவாதீங்க. நான் அந்தப் பக்கந்தான் போறேன், கூட வாங்க."

இரண்டு காலை மழை. கடைசி நாள் காலைதான் வானம் வெளித்தது. முற்பகல் ரயிலில் நாங்கள் கொழும்புக்குப் புறப்பட வேண்டும். அக்காவுக்கு அதற்குள் தடிமன் பிடித்து, தும்மித் தும்மி மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவளைத் தட்டி எழுப்பினேன். "ஒரு இடம் காட்டுறன், வா." எங்கே என்றாள். "வாவன்" என்றேன். அவள் அட்டவணையைப் பற்றி யோசிக்காமல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் கேட்டால் அவள் மறுப்பதில்லை. அது எனக்குத் தெரிந்துதான் கேட்டேன்.

சுத்தியல்காரர் முன்னால் தட்டிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் தண்டவாளம் மணி போலச் சிறிது நேரம் கதைத்துவிட்டு ஓய்ந்தது. சுரங்க வாயில் பக்கத்தில் ஒற்றையடிப் பாதை மேலே ஏறியது. மானாப் புல் முழங்காலை நனைத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து பாறையில் கால் வைத்தபோது எங்களுக்குக் கீழே முகில் இருந்தது.

மேலே இல்லை, கீழே. மட்டமாக, வெள்ளையாக, ஒரு பெரிய முற்றம் போல. இறங்கி நடக்கலாம் போல இருந்தது. அக்கா பயப்படவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பிறகு இடப்பக்கத்து மலைக்குப் பின்னால் இருந்து வெயில் வந்தது. முற்றத்தின் நடுவில் ஒரு துளை விழுந்தது. அந்தத் துளைக்குள், நான் நினைத்ததைவிட எத்தனையோ மடங்கு ஆழத்தில், நூல் போல ஒரு வீதி. அதில் எறும்பைவிடச் சிறிய ஏதோ ஒன்று நகர்ந்தது. "பஸ்சு" என்றார் சுத்தியல்காரர்.

அக்கா என் கையை இறுக்கினாள். விரல் நோக நோக இறுக்கினாள். சரி, இப்போது கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. மெல்லக் குந்தினாள். பிறகு முழங்காலில் நின்றாள். பிறகு ஈரப் பாறையில் வயிறுபடப் படுத்து, தவழ்ந்து தவழ்ந்து நுனிக்குப் போனாள். "மெதுவா புள்ள" என்று அவர் அவளுடைய கணுக்காலுக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டார். நானும் படுத்து அவளுக்குப் பக்கத்தில் போனேன். இருவரும் நாடியைப் பாறை விளிம்பில் வைத்துக் கீழே பார்த்தோம்.

முகில் துண்டு துண்டாகக் கிழிந்து போனது. கீழே காடு, காட்டுக்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் குளங்கள். வெயில் பட்டவுடன் ஒவ்வொரு குளமாக எரிந்தது. யாரோ நடந்து நடந்து விளக்கேற்றிக்கொண்டு போவது போல. தூரத்தில் ஓரிடத்தில் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. சாம்பல் நிறத் தூண் போல அது நகர்ந்ததைப் பார்த்தோம். எங்களுக்குக் கீழே ஒரு பருந்து வட்டமிட்டது. அதுவரை நான் பறவைகளின் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் பறக்கும் பறவையின் முதுகைப் பார்த்தேன். மண்ணிறம், சிறகின் நுனியில் விரல்கள் போல இறகுகள். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

"இவ்வளவு இருக்கா?" என்றாள் அக்கா.

யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு கையை நீட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்த ஒரு மெல்லிய வெள்ளிக் கோட்டைக் காட்டினாள்.

"ஐயா, அது என்ன?"

"கடலு புள்ள. அம்பாந்தோட்டக் கடலு."

"அதுக்கு அங்கால?"

அவர் யோசித்தார். "அதுக்கு அங்கிட்டு நான் போனதில்ல. நமக்கு அடுத்த ஸ்டேசன் வரைக்குந்தான்."

அக்கா சிரித்தாள். இரண்டு கிழமையில் அவள் சிரித்ததை நான் அப்போதுதான் கேட்டேன். சிரித்துவிட்டுத் தும்மினாள், தும்மியபடியே அந்தக் கோட்டைப் பார்த்தாள். என் கையை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தபோது அவளுடைய இரண்டு கைகளும் பாறை விளிம்பைப் பிடித்திருந்தன. நான் செய்ய நினைத்த வேலை வேறு எங்கோ போய்விட்டது என்று அந்த வயதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஏழரைக்கு, அவர் சொன்னபடியே, முகில் மறுபடி ஏறி வந்து எல்லாவற்றையும் மூடியது.

நாங்கள் திரும்பி வந்தபோது மேடையில் எல்லாரும் நின்றார்கள்.

"எங்க போனனீங்கள்? தேடாத இடமில்லை!" என்று அம்மா ஓடிவந்தார். அக்காவின் ஸ்வெட்டர் முன்பக்கம் முழுதும் பாசி.

"வாயில்லாதது செய்திருக்கிற வேலையைப் பாருங்கோ" என்றார் பெரியம்மா.

அப்பா ஏசவில்லை. மேடையில் கிடந்த மர வாங்கில் இருந்தார். கொப்பி மடியில் இருந்தது. அக்கா மூன்று தரம் அடுத்தடுத்துத் தும்மினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கொப்பியை மூடினார்.

"காணும், இனிப் போதும். ரெண்டு கிழமையா இந்தப் பிள்ளையைப் போட்டு வதைச்சிட்டன். இவளுக்குக் குளிர் ஒத்துவராது. வேண்டாமெண்டு நான் எழுதிப்போடுறன்."

என் நெஞ்சு துள்ளியது. அம்மா அக்காவின் தலையைத் தடவினார். எல்லாம் முடிந்துவிட்டது. நான் அவளை எழுப்பாமல் தூங்கவிட்டிருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும். அவளும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

ஆனால் அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லையப்பா. நான் போறன்."

அப்பாவுக்கு விளங்கவில்லை. "குளிர்?" என்றார்.

"குளிர்தான். போத்துக்கொண்டு போறன்."

அலுவலக அறைக்குள் மணி அடித்தது. அடுத்த ஸ்டேஷனில் இருந்து ரயில் புறப்பட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம். பெரியப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ரயிலில் அக்கா யன்னல் பக்கம் இருந்தாள். நான் அவளுக்கு எதிரே. நானுஓயா, ஹற்றன், நாவலப்பிட்டி என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன. நீர்வீழ்ச்சி தெரிந்தபோது அப்பா என் தோளைத் தட்டி, "பார், பார்" என்றார். நான் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் பள்ளம் வரும் பக்கமெல்லாம் முகத்தைக் காற்றில் நீட்டினாள். காற்றில் அவளுடைய மூக்குச் சிவந்தது, துடைக்கக்கூட இல்லை. 'போகாதை' என்ற ஒரு சொல்லை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டே வந்தேன். கண்டியைத் தாண்டி, கடைசிச் சுரங்கத்தைத் தாண்டி, ரம்புக்கனையில் மலை முடிந்து ரயில் சமதரைக்கு இறங்கிவிட்டது. அக்கா கழுத்தைப் பின்னால் திருப்பி, மலை மறையும் வரை பார்த்துவிட்டு, முன்னால் திரும்பினாள். இனி வருவதைப் பார்க்கத் தொடங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை.